மன்னரின் இளைய மகன்: போர் விமானத்திலிருந்து தெஹ்ரான் வரை

2025 ஏப்ரல் 17, வியாழக்கிழமை. சவூதி அரேபியாவின் பாதுகாப்பு அமைச்சர் இளவரசர் காலித் பின் சல்மான் தெஹ்ரானில் வந்து இறங்கினார். ஈரானின் உயர் தலைவர் ஆயத்துல்லாஹ் அலீ காமனெயியைச் சந்தித்து, தம் தந்தை மன்னர் சல்மானின் செய்தியை ஒப்படைத்தார். சவூதி அரச குடும்பத்தின் மூத்த பொறுப்பாளர் ஒருவர் ஈரான் மண்ணை மிதித்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2015 மார்ச் இறுதியில், இதே காலித் போர் விமானியின் சீருடையில் இருந்தார். ஈரானின் ஆதரவு பெற்ற யமனின் ஹூதிகளுக்கு எதிராகச் சவூதி தலைமையிலான கூட்டணி அப்போதுதான் வான் தாக்குதலைத் தொடங்கியிருந்தது. அன்று குண்டுவீச்சில் பங்கெடுத்த இளைஞர், இன்று சமாதானத் தூதுவராகப் போய் நிற்கிறார்.

இது வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் செய்தியைப் படித்ததும் ‘மாஷா அல்லாஹ்’ என்று சொல்லி நகர்ந்துவிடாமல், இந்த மனிதரின் பாதையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டின் போரும் சமாதானமும் ஒரே குடும்பத்தின் கைக்குள் இருந்தால் என்ன நடக்கும் என்பதை அவருடைய வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

வாரிசு வரிசையில் இல்லாத மகன்

காலித் 1988இல் பிறந்தார். தாயார் ஃபஹ்தா, அஜ்மான் கோத்திரத்தின் புகழ்பெற்ற ஹித்லைன் குடும்பத்தைச் சேர்ந்தவர். பட்டத்து இளவரசர் முஹம்மத் பின் சல்மானும் இவரும் ஒரே தாயின் பிள்ளைகள். காலித் மூன்று வயது இளையவர்.

மன்னர் சல்மானின் பிள்ளைகளில் பலர் பொறுப்புகளில் இருப்பதை நாம் அறிவோம். சுல்தான் பின் சல்மான் 1985இல் டிஸ்கவரி விண்கலத்தில் பறந்து, விண்வெளிக்குச் சென்ற முதல் முஸ்லிம் என்ற பெயரைப் பெற்றார். அப்துல் அஸீஸ் 2019இல் எரிசக்தி அமைச்சரானார். ஹஜ், உம்ரா சென்று வந்தவர்களுக்கு ஃபைஸல் பின் சல்மானின் பெயர் தெரிந்திருக்கும். 2013 முதல் பத்தாண்டுகள் மதீனாவின் ஆளுநராக இருந்தவர் அவர்.

பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாறும் இப்படித்தான். 1960களின் தொடக்கத்திலிருந்து 2011இல் இறக்கும்வரை அதை வைத்திருந்தவர் இளவரசர் சுல்தான். அவருக்குப் பின் தம்பி சல்மான். 2015இல் சல்மான் மன்னரானதும் மகன் முஹம்மத். 2022 செப்டம்பர் 27 அன்று முஹம்மத் பிரதமரானதும் தம்பி காலித். அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கும், மீண்டும் அண்ணனிடமிருந்து தம்பிக்கும் கைமாறிய அமைச்சகம் அது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. 2017இல் முஹம்மத் பட்டத்து இளவரசராக அறிவிக்கப்பட்டபோது, சவூதியின் ஆட்சி அடிப்படைச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. நிறுவனர் அப்துல் அஸீஸின் மகன்களுடைய தலைமுறைக்குப் பிறகு, மன்னரும் பட்டத்து இளவரசரும் அவருடைய சந்ததியின் ஒரே கிளையிலிருந்து வரக் கூடாது என்பது அந்த விதி. அதன்படி, அண்ணன் மன்னரானால் தம்பி பட்டத்து இளவரசராக முடியாது. அரச ஆணையால் வந்த விதியை இன்னோர் அரச ஆணையால் நீக்கிவிடலாம் என்பது வேறு விஷயம். இப்போதைக்குக் காலிதுக்கு அரியணை எட்டாதது. சேவைதான் அவருடைய பங்கு.

விமானி

அரச குடும்பத்துப் பிள்ளை என்றால் மாளிகையில் வளர்ந்து, பதவியில் அமர்ந்து, பட்டம் சூட்டிக்கொள்பவர் என்று நினைப்போம். காலித் விஷயத்தில் அது முழு உண்மையல்ல. ரியாத்தின் மன்னர் ஃபைஸல் விமானப் படைக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள கொலம்பஸ் விமானப் படைத் தளத்தில் பயிற்சி எடுத்து, எஃப்-15 விமானம் ஓட்டியவர் அவர். போர் விமானம் குடும்பப் பெயரைப் பார்த்துப் பறக்காது. அங்கே உடல் வலிமையும் கூரிய புத்தியும் பயிற்சியும்தான் பேசும்.

2014 செப்டம்பரில் சிரியாவில் ஐ.எஸ். அமைப்புக்கு எதிராக அமெரிக்கத் தலைமையில் தாக்குதல் தொடங்கியபோது அதில் பங்கேற்ற சவூதி விமானிகளின் புகைப்படங்களை அந்நாட்டு அரசு வெளியிட்டது. அதில் காலிதும் இருந்தார். இஸ்லாத்தின் பெயரால் முஸ்லிம்களையே கொன்று குவித்த ஒரு கூட்டத்துக்கு எதிராக அரச குடும்பத்துப் பிள்ளையும் களத்தில் நிற்கிறார் என்ற செய்தி அதில் இருந்தது. மறுகணமே சமூக ஊடகங்களில் அந்த விமானிகளுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

அடுத்த ஆண்டு யமன். பிறகு முதுகில் ஏற்பட்ட காயம் அவரை விமானத்திலிருந்து இறக்கியது. அங்கிருந்துதான் அவருடைய அரசுப் பணி தொடங்குகிறது.

வாஷிங்டன்

2017 ஏப்ரலில் காலித் அமெரிக்காவுக்கான சவூதித் தூதராக நியமிக்கப்பட்டார். முப்பது வயது நிரம்பவில்லை. சவூதியின் மிக முக்கியமான தூதரகப் பதவி அது. வாஷிங்டனில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தூதராக இருந்த பந்தர் பின் சுல்தானும் விமானியாக இருந்தவர்தான். ஆனால் அவர் அந்தப் பதவிக்கு வருவதற்கு முன்பே பல ஆண்டுகள் அமெரிக்க அரசியலுக்குள் பழகியிருந்தார். காலிதுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

2018 அக்டோபர் 2 அன்று சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி இஸ்தான்பூலில் உள்ள தம் நாட்டுத் துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். அங்கே போய் ஆவணம் பெற்றுக்கொள்ளும்படி அவரிடம் காலித் தொலைபேசியில் சொன்னதாக அமெரிக்க உளவுத் துறை கருதுகிறது என்று வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் எழுதியது. காலித் அதை வெளிப்படையாக மறுத்தார். அப்படி ஓர் உரையாடல் நடக்கவேயில்லை என்றார். ஆதாரமின்றி ஒருவர்மீது பழி சுமத்த நமக்கு அனுமதியில்லை. எனவே அவருடைய மறுப்பையும் சேர்த்தே பதிவு செய்கிறோம். ஆனால் தூதரகத்துக்குள்ளேயே ஒரு குடிமகன் கொல்லப்பட்டதைச் சவூதி அரசே பின்னர் ஒப்புக்கொண்டது என்பதையும் மறக்க முடியாது.

2019 பிப்ரவரியில் அவர் துணைப் பாதுகாப்பு அமைச்சராக அழைத்துக்கொள்ளப்பட்டார். இளவரசி ரீமா பின்த் பந்தர் வாஷிங்டன் தூதரானார்.

போரும் பேச்சும்

நாடு திரும்பியவரிடம் யமன் விவகாரம் ஒப்படைக்கப்பட்டது. அவர் விமானியாகப் பங்கெடுத்த அதே போர்தான்.

அந்தப் போரின் விலையை நாம் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். 2021 முடிவதற்குள் ஏறத்தாழ 3,77,000 பேர் இறந்திருப்பார்கள் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் குண்டுக்கு இரையானவர்கள் அல்லர். பசி, நோய், மருந்தில்லாமை என்று மெல்ல மடிந்தவர்கள். 2016 அக்டோபரில் ஸன்ஆவில் துக்கம் விசாரிக்கக் கூடியிருந்த மண்டபத்தின்மீது குண்டு விழுந்து சுமார் 140 பேர் இறந்தனர். 2018 ஆகஸ்டில் ஸஅதா மாகாணத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்து தாக்கப்பட்டு 40 சிறுவர்கள் பலியாயினர். இரண்டிலும் தவறு நடந்ததைக் கூட்டணியே ஒப்புக்கொண்டது. இவற்றில் எதையும் காலிதின் தனிப்பட்ட கணக்கில் எழுத நம்மிடம் ஆதாரமில்லை. ஆனால் அந்தப் போரை நடத்திய அமைச்சகம் அவருடைய அண்ணனிடம் இருந்தது.

ஹூதிகளும் கைகழுவிவிட முடியாது. சிறுவர்களைப் படையில் சேர்த்தது, கண்ணிவெடிகளைப் புதைத்தது, தஇஸ் நகரை முற்றுகையிட்டது எல்லாம் அவர்கள் செய்தவை. ரியாத், ஜித்தா, கிழக்கு மாகாணம் என ஏவுகணைகளும் ட்ரோன்களும் பறந்தன. தம்மாம், ஜுபைல் பகுதிகளில் வேலை பார்க்கும் மகனிடமிருந்தோ கணவரிடமிருந்தோ ஒரு போன் வரும்வரை நம் வீடுகளில் எத்தனை தாய்மார்கள் தூங்காமல் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். 2019 செப்டம்பரில் அப்கைக் எண்ணெய் ஆலை தாக்கப்பட்ட நாள் பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

இத்தனை ரத்தத்துக்குப் பிறகுதான் பேச்சு வந்தது. 2022 ஏப்ரல் 2 அன்று ஐ.நா. முயற்சியில் போர் நிறுத்தம். 2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் சவூதி – ஈரான் உறவு மீட்பு. அந்த ரமளானிலேயே ஏறத்தாழ 900 கைதிகள் பரிமாறிக்கொள்ளப்பட்டு, ஈதுக்கு முன் வீடு திரும்பினர். செப்டம்பரில் ஹூதிகளின் குழு ரியாத்துக்கே வந்தது. அவர்களை அமர வைத்துப் பேசியவர் காலித். 2025 மார்ச்சில் சிரியா, லெபனான் பாதுகாப்பு அமைச்சர்களை ஜித்தாவில் ஒன்றாக உட்கார வைத்து எல்லைப் பிரச்சினையில் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான்.

தெஹ்ரான் பயணத்தில் அவர் சந்தித்தவர்களில் ஒருவர் ஈரானின் முப்படைத் தளபதி முஹம்மத் பாகிரி. இரண்டே மாதங்களில், ஜூன் 13 அன்று, இஸ்ரேலின் தாக்குதலில் பாகிரி கொல்லப்பட்டார். அந்தத் தாக்குதலைக் கண்டித்த சவூதி அரசு, ஈரானைச் ‘சகோதர’ நாடு என்றே குறிப்பிட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன் நினைத்துப் பார்க்க முடியாத சொல் அது.

கேட்க வேண்டிய கேள்வி

அப்படியானால் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். குடும்பத்தினர் என்பதால் நம்பிக்கை இருக்கிறது. மன்னரின் மகன் பேசினால் அது மன்னரே பேசியதுபோல. எதிரிகளும் அதை மதிக்கிறார்கள். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. தெஹ்ரானுக்கு ஓர் அதிகாரி போயிருந்தால் அந்த எடை இருந்திருக்காது.

வயதைக் காட்டிக் குறை சொல்வதும் சரியல்ல. நபி (ஸல்) அவர்கள் தம் இறுதிக் காலத்தில் ஒரு படைக்குத் தலைமை தாங்க நியமித்த உஸாமா பின் ஸைத் (ரலி) இருபது வயதை ஒட்டிய இளைஞர். மூத்த ஸஹாபாக்கள் இருக்க இவரா என்று முணுமுணுப்பு எழுந்தபோதும் நபியவர்கள் முடிவை மாற்றவில்லை. ஆனால் உஸாமா அரச குடும்பத்துப் பிள்ளை அல்லர். விடுதலை செய்யப்பட்ட ஓர் அடிமையின் மகன். தகுதிதான் அவரை அங்கே நிறுத்தியது.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் கடைசி நாட்களையும் நினைவுகூர வேண்டும். குத்துப்பட்டுப் படுத்திருந்த நிலையில், அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார்கள். தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் அறிவிலோ இறையச்சத்திலோ யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆயினும், மகன் ஆலோசனையில் கலந்துகொள்ளலாம், ஆனால் பதவியில் அவருக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். வெற்றிமேல் வெற்றி கண்ட தளபதி காலித் பின் வலீத் (ரலி) அவர்களையே விசாரித்துப் பொறுப்பிலிருந்து இறக்கியவரும் அதே உமர்தாம்.

இதில்தான் நம் கேள்வி இருக்கிறது. இன்றைய காலிதிடம் கணக்குக் கேட்பவர் யார்? அவருக்கு மேலே பிரதமராக அண்ணன்; அதற்கு மேலே மன்னராகத் தந்தை. சவூதியில் ஷூரா சபை உண்டு. அதன் உறுப்பினர்களை நியமிப்பவர் மன்னர். 2024இல் சுமார் 8,000 கோடி டாலர் ராணுவத்துக்குச் செலவிட்ட நாடு அது; உலகில் அதிகம் செலவிடும் முதல் பத்து நாடுகளில் ஒன்று. அந்தப் பணமும், அது வாங்கும் ஆயுதமும், அந்த ஆயுதம் விழும் இடமும் ஒரே குடும்பத்துக்குள் முடிவாகின்றன.

பிரிட்டனிலும் இளைய இளவரசர்கள் சீருடை அணிகிறார்கள். இளவரசர் ஹாரி இரண்டு முறை ஆப்கானிஸ்தான் போர்க்களத்துக்குப் போனார். ஆனால் அங்கே அவரைப் பாதுகாப்பு அமைச்சராக்க யாராலும் முடியாது. அது மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் பதவி. பிரிட்டனின் போர்கள் நியாயமானவை என்று நாம் சொல்லவில்லை. இராக்கில் அவர்கள் செய்ததை உலகம் அறியும். ஆனால் அந்தப் போரைத் தொடங்கிய பிரதமர் பொது விசாரணைக் குழுவின் முன் அமர்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. யமன் போருக்கு அப்படி ஒரு நாற்காலி ரியாத்தில் போடப்படவில்லை.

நாம் எப்படிப் பார்ப்பது?

நம் சமுதாயத்தில் இரண்டு பழக்கங்கள் உண்டு. இரு புனிதத் தலங்களின் பணியாளர்கள் என்பதால் சவூதி ஆட்சியாளர்கள் செய்வதையெல்லாம் சரி என்பவர்கள் ஒருபுறம். அவர்கள் எது செய்தாலும் சதி என்பவர்கள் மறுபுறம். இரண்டிலும் நீதி இல்லை.

தெஹ்ரானுக்குப் போன காலிதைப் பாராட்டுவோம். யமனில் ஒரு குழந்தை இன்று குண்டுச் சத்தமின்றி உறங்குகிறது என்றால், ஜுபைலில் நம் பிள்ளை அச்சமின்றி வேலைக்குப் போகிறான் என்றால், அதில் அந்தப் பேச்சுவார்த்தைக்கும் பங்குண்டு. அதே நேரத்தில், பேசித் தீர்க்கக் கூடியதாக இருந்த ஒரு பகைக்கு ஏழு ஆண்டுப் போரும் மூன்றே முக்கால் லட்சம் உயிர்களும் ஏன் தேவைப்பட்டன என்றும் கேட்போம்.

சமாதானம் ஓர் இளவரசரின் மனமாற்றத்தை மட்டும் நம்பி இருந்தால், நாளை அந்த மனம் மாறும்போது அதுவும் மாறிவிடும். ஆட்சி ஓர் அமானிதம். உமர் (ரலி) தம் மகனை விலக்கி வைத்தது, மகன்மீது அன்பில்லாமல் அல்ல. அந்த அமானிதத்துக்கு மறுமையில் பதில் சொல்ல, தம் குடும்பத்தில் தாம் ஒருவர் போதும் என்று எண்ணியதால்தான்.