கையெழுத்தின் கனம்

திருவனந்தபுரம் பூஜப்புரா மத்திய சிறையில் நீண்டகாலத் தண்டனை அனுபவிக்கும் ஒருவர் பரோல் கேட்டு மனுப் போட்டால், இரண்டு பேர் விசாரணைக்குக் கிளம்புகிறார்கள். ஒருவர் போலீஸ்காரர். மற்றவர் மாவட்ட நன்னடத்தை அதிகாரி. இருவரும் தனித்தனியே அறிக்கை தர வேண்டும். 'ஊரில் பிரச்னை வரும், விடக்கூடாது' என்கிறது ஒன்று. 'வீட்டார் ஏற்கத் தயார், விடலாம்' என்கிறது மற்றது. கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போன பரோல் வழக்குகள் பலவற்றில் இந்த முரண்பாடு தலைகாட்டுகிறது.

இரண்டில் எது பாதுகாப்பான அறிக்கை என்பதைச் சொல்லத் தேவையில்லை. 'வேண்டாம்' என்று எழுதியவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. உள்ளேயே இருப்பவர் வெளியே வந்திருந்தால் எப்படி நடந்திருப்பார் என்று நிரூபிக்க வழியில்லை. 'விடலாம்' என்று எழுதியவர் கதை வேறு. போனவர் குறித்த நாளில் திரும்பிவிட்டால் அது செய்தியல்ல. திரும்பாவிட்டாலோ, பழைய பகையைத் தீர்த்துக்கொண்டாலோ, கோப்பில் முதலில் தேடப்படுவது அந்த அதிகாரியின் கையெழுத்து.

மேலைநாடுகளில் இருப்பதுபோல 'பரோல் அதிகாரி' என்று தனிப் பதவி இங்கே கிடையாது. அந்த வேலையின் பெரும்பகுதி நன்னடத்தை அதிகாரியின் தலையில் விழுகிறது, அதுவும் கூடுதல் சுமையாக. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் அவருக்குக் கொடுத்த முதல் வேலை வேறு. குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் திருத்த முடியுமா என்று அவர் விசாரித்து நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவர் என்றால் (ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக) நீதிபதி இந்த அறிக்கையைக் கேட்டே ஆகவேண்டும். நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கப்பட்டவரைக் கண்காணிப்பதும், அவருக்கு வேலை தேடித் தர முயல்வதும் இவர் பொறுப்பே.

தமிழ்நாட்டில் இந்த அதிகாரிகள் சிறைத்துறையின் கீழ் வருகிறார்கள். கேரளத்தில் சமூக நீதித் துறையின் கீழ். அதனால் கைதிகளின் குடும்பங்களுக்கான உதவி, பிள்ளைகளின் படிப்புக்கான தொகை, விடுதலையானவருக்குச் சுயதொழில் உதவி என்று நலத்திட்ட மனுக்களும் இவர்கள் மேஜைக்கே வருகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் திருவனந்தபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 33 லட்சம். விழிஞ்ஞம் கடற்கரைக் குப்பங்கள் முதல் அகத்தியமலை அடிவாரத்துக் காணிக்காரர் குடியிருப்புகள் வரை நீள்கிறது எல்லை. காலையில் வஞ்சியூர் நீதிமன்றம். பிற்பகலில் கைதியின் வீடு. அதன்பின் அவரால் பாதிக்கப்பட்டவரின் வீடு. இந்த இரண்டு வீட்டுப் படிகளையும் ஒரே நாளில் ஏறி இறங்குவது எந்த வேலைப் பட்டியலிலும் எழுதப்படாத சுமை.

அதைவிடப் பெரிய சுமை சட்டத்திலேயே இருக்கிறது. அவர் நண்பராக ஆலோசனை சொல்ல வேண்டும். காவலராகக் கண்காணிக்கவும் வேண்டும். 'மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டேன் சார்' என்று பையன் நம்பிச் சொல்கிறான். கேட்டது நண்பரின் காது. எழுத வேண்டியது அதிகாரியின் பேனா. எழுதினால் அவன் இனி எதையும் சொல்ல மாட்டான். எழுதாவிட்டால், நாளை அவன் செய்வதற்கு இவரும் பொறுப்பு.

வேலைப்பளு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் உதாரணம். 2022 ஜூனில் லண்டனில், சிறையிலிருந்து வந்த 9 நாட்களில் ஒருவன் முன்பின் தெரியாத இளம்பெண்ணைக் கொன்றான். அவனை 'அதிக ஆபத்தானவன்' என்று வகைப்படுத்தத் தவறிவிட்டார்கள் என்றது அரசின் ஆய்வறிக்கை. அந்த அலுவலகங்களில் ஆள் பற்றாக்குறையும் அளவுக்கு மீறிய வேலையும் இருந்ததையும் அதே அறிக்கை சொன்னது. அத்தனை வசதியுள்ள நாட்டிலேயே இந்த நிலை.

நவம்பர் 15ஐ நன்னடத்தை தினமாகக் கொண்டாடுகிறது கேரளம். அது நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரின் பிறந்தநாள். 1948இல் தானே ஒரு மாதம் சிறையில் இருந்தவர், 1957இல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டத்தோடு சிறை, சமூக நலத் துறைகளையும் கவனித்தவர். உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்து, தண்டனையின் நோக்கம் திருத்துவதே என்று எழுதியவர். அவர் பெயரைச் சொல்லும் அரசு இரண்டு காரியங்கள் செய்யலாம். ஓர் அதிகாரி எத்தனை பேரைக் கவனிக்க முடியும் என்று ஓர் எண்ணை நிர்ணயித்து, அதற்கேற்ப ஆட்களை நியமிக்கலாம். நேர்மையாக விசாரித்து எழுதிய அறிக்கை பொய்த்துப்போனால், பழியை அந்த ஒரு கையெழுத்தின் மேல் போடாமல், முடிவெடுத்த எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ள விதி வகுக்கலாம்.

இல்லாவிட்டால் அதிகாரியும் ஒருநாள் பாதுகாப்பான வழிக்கு வந்துவிடுவார். 'வேண்டாம்' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார். பூஜப்புராவில் மனுப் போட்டுக் காத்திருப்பவருக்கு அப்புறம் பரிந்து எழுத யாரும் இருக்க மாட்டார்கள்.