இமை சரிவது பேயின் சேஷ்டையா?

ஒரு மனிதனுக்குக் கால் ஒடிந்துபோனால் அதைப் பாசாங்கு என்று யாரும் சொல்லுவதில்லை. ஆனால், காலையில் எழுந்து சாதாரணமாய் வேலை செய்த ஒரு பெண்ணுக்குச் சாயங்காலமானதும் கண்ணிமை தானே சரிந்து, பார்க்கும் பொருளெல்லாம் இரண்டிரண்டாய்த் தெரிந்து, சோற்றை மென்று முடிக்குமுன் தாடை ஓய்ந்து, பேச்சும் மூக்கால் வருமானால், வீட்டார் அதற்கு வைத்திருக்கும் பெயர்கள் இரண்டுதான். ஒன்று சோம்பேறித்தனம், மற்றொன்று பேய்.

இது ஒரு வியாதி. மையஸ்தீனியா கிராவிஸ் என்பது இதன் பெயர். அதிக நேரம் பேசியதும் பேச்சே நின்றுபோகும் ஒரு ஸ்திரீயைப் பற்றி தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் 1672-லேயே எழுதியிருக்கிறார். ஆண்களுக்கும் இது வரும்.

இதன் குணம் யாதெனில், உபயோகிக்க உபயோகிக்கத் தசை ஓயும். ஓய்வு கொடுத்தால் பலம் திரும்பும். பூசாரிக்கு இதைவிட வசதியான வியாதி வேறு என்ன வேண்டும்? இரவு கோவிலில் படுக்க வைத்தால், தூங்கி எழுந்ததும் இமை சற்றுத் திறந்திருக்கும். தூக்கம் செய்த வேலைக்குக் கூலி உண்டியலுக்குப் போகிறது. சாயங்காலம் மறுபடியும் சரிந்தால் நேர்த்திக்கடனில் குறை என்பார்கள். குணமானால் சாமியின் மகிமை, குணமாகாவிட்டால் நம்முடைய பாவம் என்கிற இந்தக் கணக்கை எந்தக் கடைக்காரனாவது ஒப்புக்கொள்வானா என்று கேட்கிறோம். உடுக்கடித்து ஆட வைப்பதோ இன்னும் கொடுமை. ஓய்ந்த தசையை மேலும் ஓயச் செய்வதே அது.

உண்மைக் காரணம் இரத்தத்தில் இருக்கிறது. நரம்பு நுனியிலிருந்து அசெட்டில்கோலின் என்னும் சரக்கு வெளிப்பட்டு, தசையிலுள்ள ஏற்பிகளில் பற்றினால்தான் தசை வேலை செய்யும். கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே இந்த ஏற்பிகளை அன்னியமென்று எண்ணித் தாக்கிவிடுகிறது. வேலைக்காரன் சோம்பேறியல்ல; உத்தரவு அவனிடம் சேரவில்லை.

1934-ல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற பெண் வைத்தியர், இந்த நோயின் குறிகள் க்யூராரே என்னும் அம்பு விஷத்தின் குறிகளை ஒத்திருப்பதைக் கவனித்தார். அந்த விஷத்துக்கு மாற்றான பைசோஸ்டிக்மைனை ஊசியாகப் போட்டதும் சரிந்த இமை தூக்கியது. செயின்ட் ஆல்பீஜ் ஆஸ்பத்திரி என்பதால் ‘செயின்ட் ஆல்பீஜ் அற்புதம்’ என்றே அதை அழைத்தார்கள். மகானின் பெயர் வாசற்பலகையில் இருந்தது, மருந்து ஊசியில் இருந்தது.

இன்று அதே வழியில் வேலை செய்யும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளும் உண்டு. சிலருக்கு நெஞ்செலும்பின் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியை எடுப்பதும் பலன் தருகிறது. அடியோடு தீராவிட்டாலும் பெரும்பாலோர் வைத்தியத்தால் வேலை செய்து பிழைக்கலாம்.

ஆனால் மூச்சுவிடும் தசைகள் ஓய்ந்தால் உயிருக்கே ஆபத்து. விழுங்கமுடியாமல் புரையேறி, மூச்சும் திணறினால், நல்ல நாள் பார்க்காமல் அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வேறு நோய்க்காகப் போகும்போதும் இந்த வியாதி இருப்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் இதை அதிகப்படுத்திவிடும்.