எழுதிக் கொடுப்பவர் யார்?



ஆண்டுவிழா மலரிலே வாழ்த்தும் பாராட்டும் எழுதுவதே வழக்கம். எனினும் இம்முறை கசப்பான விடயமொன்றை உங்கள் சிந்தனைக்கு முன்வைக்க விரும்புகின்றேன்.

பல்கலைக்கழக மாணவருக்குக் கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் எழுதி விற்பது இன்று உலகளாவிய வணிகமாகிவிட்டது. இதனைத் தடுக்க நியூசிலாந்து 2011 இலும், அயர்லாந்து 2019 இலும், அவுஸ்திரேலியா 2020 இலும், இங்கிலாந்து 2022 இலும் சட்டம் இயற்றின. அவுஸ்திரேலியாவில் விற்பவருக்கு ஈராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். வாங்கிய மாணவனை அச்சட்டம் தொடுவதில்லை. அவனைப் பல்கலைக்கழகமே விசாரிக்கும்.

நாம் வாழும் யேர்மனியிலோ நிலைமை நேர்மாறானது. எழுதி விற்பதை வெளிப்படையாகத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் இங்கில்லை. "நாம் தருவது வெறும் மாதிரியே" என்று கூறி வணிகர் ஒதுங்கிக்கொள்கின்றனர். அகப்படுபவன் ஒப்பமிட்ட மாணவனே. நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் பரீட்சை மோசடிக்கு 50,000 யூரோ வரை தண்டம் விதிக்க இடமுண்டு. 'இஃது என் சொந்த ஆக்கமே' எனச் சத்தியக்கடதாசிக்கு நிகரான உறுதியுரை கேட்கப்படும் இடத்தில் பொய்யாக ஒப்பமிட்டால், குற்றவியற் சட்டத்தின் 156 ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

வறுமையிலும் பதற்றத்திலும் தவறிய இளைஞன் தண்டம் கட்ட, அவன் தவற்றிலே பணம் திரட்டியவர் தப்பிச் செல்வது நீதியாகுமா? விற்பவரையும் தண்டிக்கும் சட்டம் இந்நாட்டிற்கும் வேண்டும் என்பதே என் துணிபு. 'அவ்வாறாயின் பாடம் சொல்லிக் கொடுப்பவரும் அகப்படுவாரே' எனச் சிலர் ஐயுறுவர். விளக்கிச் சொல்வது வேறு. எழுதிக் கையிற் கொடுப்பது வேறு. இவ்வேறுபாட்டை எந்த ஆசிரியனும் அறிவான்.

அறிவான் என்றா எழுதினேன்? இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நமது பேச்சுப் போட்டிகளிலே பிள்ளைகள் முழங்கும் உரைகளை எழுதுபவர் யார்? பெற்றோரும் என் போன்ற ஆசிரியருமே. ஊரிலே ஆசிரியனாயிருந்த காலத்திலும் எழுதிக் கொடுத்தேன். இங்கும் எழுதிக் கொடுக்கின்றேன். சென்ற ஆண்டு பரிசு பெற்ற சிறுமியொருத்தி, மேடையை விட்டு இறங்கியதும், "சேர், 'விழுமியம்' எண்டால் என்ன?" என்று என்னிடம் கேட்டாள். அச்சொல்லை எழுதியவன் நான். கைதட்டல் பெற்றவள் அவள். நாம் பணம் வாங்கவில்லை என்பது உண்மை. ஆயினும் பிறர் எழுதியதைத் தன்னதாக மொழியலாம் என்ற முதற்பாடத்தை ஏழு வயதிலேயே புகட்டிவிட்டோம். பத்தாண்டுகளின் பின் பல்கலைக்கழகம் புகும்போது அப்பாடம் அவளுக்கு மறந்துவிடுமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுப் போட்டிக்கு ஒவ்வொரு பிள்ளையும் தானே எழுதிய ஐந்து வசனங்களுடன் மேடையேறட்டும். ரகர றகரம் மயங்கலாம், யேர்மன் சொல் கலக்கலாம். பிழையைப் பின்னர் வகுப்பிலே திருத்துவோம். பரிசை அந்த ஐந்து வசனங்களுக்கே கொடுப்போம். நடுவர்களும் பெற்றோரும் இதற்கு இசைய வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.