சந்திரனில் திருட்டுச் சுரங்கமா? பட்டப்பகலில் நடக்கும் கொள்ளையைப் பாருங்கள்!

சந்திரனில் யாரோ ரகசியமாகச் சுரங்கம் வெட்டுகிறார்கள் என்று ஒரு புரளி உலவுகிறது. மில் வாசலில் ஷிப்டு மாறும் நேரத்தில் இதைக் கேட்டோம். நடவு முடிந்து வரப்பில் உட்கார்ந்திருந்தவர்களிடமும் இதையே கேட்டோம். "சந்திரனுடைய மறுபக்கத்தில் அமெரிக்காக்காரன் ஆள் வைத்துத் தோண்டுகிறானாமே? அங்கே கிடைக்கிற எரிபொருள் கொஞ்சம் இருந்தால் ஒரு தேசத்துக்கே வருஷம் பூராவும் கரண்டு வருமாமே? அதை மறைக்கத்தான் 1972-க்குப் பிறகு ஆள் போவதை நிறுத்தினானாமே?" என்று ஒரு தோழர் கேட்டார். பக்கத்தில் இருந்தவரோ, "அமெரிக்காக்காரன் இல்லை ஐயா, சீனாக்காரன்" என்று திருத்தினார்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம் அல்ல இது. புரளி பொய்தான். ஆனால் பொய் என்று ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திவிட்டால், அந்தப் பொய்யின் நிழலில் நடக்கிற மெய்யான காரியம் தப்பித்துக்கொள்ளும். ஆகவே இரண்டையும் பேசுவோம்.

பண்டம் என்ன?

அதன் பெயர் ஹீலியம்-3. திருவிழாவில் பலூனுக்கு அடைக்கிறார்களே ஹீலியம், அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையில் இன்னும் இலேசானது. சூரியனிலிருந்து சதா வீசிக்கொண்டிருக்கும் துகள்காற்றில் இது வருகிறது. பூமியின் காந்தமும் காற்றுமண்டலமும் அதைத் தடுத்துவிடுகின்றன. சந்திரனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே கோடானுகோடி வருஷங்களாக அந்த மண்ணில் இது கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்திருக்கிறது. அப்போலோ யாத்திரைகளில் வந்த மண்ணைச் சோதித்தபோது இது தெரிந்தது. 1986-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் சர்வகலாசாலை விஞ்ஞானிகள், அணுக்களை இணைத்துச் சக்தி எடுக்கும் உலைக்கு இது நல்ல எரிபொருள் ஆகும் என்று எழுதினார்கள். சந்திரன் முழுவதிலும் சுமார் 10 லட்சம் டன் இருக்கலாம் என்றும் மதிப்பிட்டார்கள். ஆசையும் புரளியும் அங்கிருந்து கிளம்பின.

புரளி ஏன் பொய்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல மண் என்று சொல்லப்படும் இடத்திலேயே நூறு கோடிப் பங்கு மண்ணுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் ஹீலியம்-3. ஒரு கிலோ எடுக்கச் சுமார் ஒரு லட்சம் டன் மண்ணை அள்ளி, 700 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். பத்து டன் லாரியில் ஏற்றினால் பத்தாயிரம் லாரி! களத்து நெல்லைத் தூற்றுகிற தோழர்களுக்கு இதன் பாடு தெரியும். இதுவரை மனிதர் சந்திரனிலிருந்து கொண்டுவந்த மண் எவ்வளவு? அமெரிக்கா 1969 முதல் 1972 வரை 382 கிலோ. சோவியத் யந்திரங்கள் மூன்று முறையில் முந்நூற்றுச் சொச்சம் கிராம். சீனா 2020-லும் 2024-லும் சேர்த்து நாலு கிலோவுக்கும் குறைவு. ஆக மொத்தம், நெல் மூட்டைக் கணக்கில் ஐந்து மூட்டைக்குச் சற்று மேல். அவ்வளவுதான்.

ரகசியமாகத் தோண்டலாமே என்பீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், சந்திரனில் ஒரு சுரங்கத்தை மறைக்க முடியாது. 1966-ல் சோவியத் லூனா-9 சந்திரனில் இறங்கிப் படம் அனுப்பியபோது, இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க் வானொலித் தொலைநோக்கி அந்தப் படங்களை நடுவழியில் பிடித்துவிட்டது. சோவியத் பத்திரிகைகளுக்கு முன்னால் லண்டன் பத்திரிகையில் அவை அச்சேறிவிட்டன. 2022 மார்ச் 4-ந் தேதி ஒரு பழைய ராக்கெட் துண்டு மறுபக்கத்தில் போய் விழுந்தது. விழப்போவதை வானத்தை அளப்பவர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். விழுந்த பள்ளத்தையும் பிறகு படம் எடுத்துவிட்டார்கள். 2009 முதல் அமெரிக்கத் துணைக்கோள் ஒன்று சந்திரனைச் சுற்றிப் படம் எடுக்கிறது. நமது சந்திரயான்-2-ன் காமிரா கால் மீட்டர் அளவுள்ள பொருளையும் பிரித்துக் காட்டும். 2023 ஆகஸ்டில் நமது விக்ரம் கலம் நின்ற இடத்தை அமெரிக்கக் கோள் படம் எடுத்து வெளியிட்டது. ஒரு சிறு கலமே கண்ணில் படும்போது, பத்தாயிரம் லாரி மண் புரட்டிய இடம் படாமல் போகுமா?

இன்னொன்று. திருடின சரக்கு சந்தைக்கு வந்தாக வேண்டும். நடந்தது என்ன? பூமியில் ஹீலியம்-3 பெரும்பாலும் அணுகுண்டுச் சரக்கான டிரிட்டியம் சிதைவதிலிருந்து கிடைக்கிறது. 2001-க்குப் பிறகு துறைமுகங்களிலும் எல்லைகளிலும் அணுப்பொருள் கண்டுபிடிக்கும் கருவிகளுக்கு அமெரிக்க சர்க்கார் இதை வாரி இறைத்தது. 2008, 2009-ல் கையிருப்பு வற்றி, ஆராய்ச்சிக்கும் மருத்துவத்துக்கும் கிடைக்காமல் தட்டுப்பாடு வந்தது. 2010 ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி இதற்காக விசாரணையே நடத்தியது. சந்திரனிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்குகிற வீட்டில் இந்தப் பஞ்சம் ஏன்?

கடைசியாக, அடுப்பு எங்கே? ஹீலியம்-3-ஐ எரித்து ஊருக்குக் கரண்டு கொடுக்கிற உலை உலகத்தில் ஒன்றுகூட இல்லை. பிரான்ஸில் பல தேசங்கள் கூடிக் கட்டுகிற பெரிய உலைகூட வேறு எரிபொருளுக்காகத்தான்; ஹீலியம்-3-க்கு அதைவிடப் பன்மடங்கு வெப்பம் வேண்டும். அடுப்பே இல்லாத வீட்டுக்காரன் விறகு திருட ராத்திரியில் காட்டுக்குப் போவானா? 1972-ல் யாத்திரை நின்றதற்கும் மர்மம் எதுவும் இல்லை. பணத்தை வெட்டினார்கள், இன்னும் மூன்று யாத்திரைகளை 1970-லேயே ரத்து செய்துவிட்டார்கள்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது?

இதை நம்புகிறவர்களை மூடர்கள் என்று நாம் ஏசமாட்டோம். சர்க்கார்கள் ஜனங்களிடம் மறைத்த வரலாறு உண்டு. 1958-ல் அமெரிக்க விமானப்படை சந்திரனில் அணுகுண்டு வெடிக்க ரகசியத் திட்டம் தீட்டியது. அதில் வேலை செய்த விஞ்ஞானி 2000-ல்தான் வாய் திறந்தார். 1959-ல் அமெரிக்கத் தரைப்படை சந்திரனில் ராணுவத் தளம் கட்டத் திட்டம் போட்டது. இரண்டும் நடக்கவில்லை, ஆனால் இரண்டும் மெய். மறைத்துப் பழகியவனை ஊர் சந்தேகிப்பது நியாயம். தவறு எங்கே என்றால், காவலை இருட்டுப் பக்கம் போட்டுவிட்டு, வெளிச்சத்தில் திறந்து கிடக்கிற வாசலைக் கவனிக்காமல் விடுவதுதான்.

வெளிச்சத்தில் நடப்பது

1967-ல் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. சந்திரனை எந்த நாடும் தனக்குச் சொந்தம் என்று பிடித்துக்கொள்ளக்கூடாது, அங்கே நடக்கும் ஆராய்ச்சி மனித குலம் அனைத்தின் நன்மைக்காக என்று அது சொல்லிற்று. 1979-ல் இன்னோர் ஒப்பந்தம் வந்தது. சந்திரனும் அதன் செல்வமும் மனித குலத்தின் பொதுச்சொத்து. தோண்டும் காலம் வந்தால் எல்லா நாடுகளும் கூடி ஏற்பாடு செய்து, பலனைப் பங்கிட வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்லிற்று. பெரிய நாடுகள் என்ன செய்தன? அமெரிக்கா கையெழுத்துப் போடவில்லை. சோவியத் யூனியனும் போடவில்லை, சீனாவும் போடவில்லை. இதை நாம் மறைக்கப்போவதில்லை. நமது இந்தியா 1982-ல் கையெழுத்துப் போட்டது; ஊர்ஜிதம் செய்யாமல் கிடப்பில் போட்டுவிட்டது. இருபது நாடுகள்கூட அதில் உறுப்பாகவில்லை.

அந்த இடைவெளியில் கம்பெனிகள் நுழைந்தன. 2015 நவம்பரில் அமெரிக்கா சட்டம் இயற்றிற்று: விண்வெளியில் ஓர் அமெரிக்கன் தோண்டி எடுத்தது அவனுக்கே சொந்தம், வைத்துக்கொள்ளலாம், விற்கலாம். 2017-ல் லக்ஸம்பர்க், 2019-ல் ஐக்கிய அரபு அமீரகம், 2021-ல் ஜப்பான் என்று அதே வழியில் சட்டங்கள் வந்தன. 2020 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவில், விண்வெளியை உலகத்தின் பொதுச்சொத்தாக அமெரிக்கா கருதவில்லை என்றே எழுதிக் கையெழுத்திட்டார். திருடன் ராத்திரியில் வரவில்லை தோழர்களே! பகலில், பத்திரம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான்.

அதே 2020 டிசம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. சந்திரனின் மண்ணைக் கொஞ்சம் விலைக்கு வாங்க அமெரிக்க விண்வெளி இலாகாவான நாஸா நாலு கம்பெனி ஒப்பந்தங்கள் செய்தது. மொத்த விலை 25,001 டாலர். அதில் ஒரு கம்பெனிக்கு விலை ஒரே ஒரு டாலர்! ஒரு டாலருக்கு மண் வாங்கி என்ன செய்வது? மண்ணுக்காக அல்ல. "விற்றோம், வாங்கினோம்" என்று ஒரு முன்மாதிரி வேண்டும். புறம்போக்கை வளைப்பவன் முதலில் முள்வேலி போடமாட்டான். ஒரு மாட்டைக் கட்டுவான், பிறகு ஒரு குடிசை போடுவான், அப்புறம் ரசீது காட்டுவான். அதே வித்தைதான் இது!

இன்டர்லூன் என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி ஹீலியம்-3 எடுப்பதே தன் தொழில் என்று 2024-ல் அறிவித்தது. 2025-ல் அமெரிக்க எரிசக்தி இலாகா, 2029 ஏப்ரலுக்குள் அதனிடம் மூன்று லிட்டர் வாங்க ஒப்புக்கொண்டது. மூன்று லிட்டர் வாயுவின் எடை அரை கிராம்கூட இல்லை. மிகக் குளிர்ச்சி உண்டாக்கும் யந்திரம் செய்கிற பின்லாந்துக் கம்பெனி ஒன்று, 2028 முதல் 2037 வரை வருஷத்துக்குப் பத்தாயிரம் லிட்டர் வரை வாங்க ஒப்பந்தம் செய்தது. அந்தப் பத்தாயிரம் லிட்டருக்கு வருஷந்தோறும் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் மண் புரட்ட வேண்டும். 2025 முடிய அந்தக் கம்பெனி சந்திரனில் ஒரு பிடி மண்ணும் அள்ளவில்லை. அள்ளாத மண்ணுக்கு விலை பேசியாகிவிட்டது! இதில் ரகசியம் எங்கே இருக்கிறது? பத்திரிகைக்குச் செய்தி கொடுத்துத்தான் செய்கிறார்கள்.

வழி போட்டது யார்?

அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவர் ஹாரிசன் ஷ்மிட். 1972 டிசம்பரில் அப்போலோ-17-ல் போய்ச் சந்திரனில் நடந்த நிலவியல் அறிஞர். அவருடைய படிப்பையும் தைரியத்தையும் நாம் மதிக்கிறோம். ஆனால் அவர் யார் காசில் போனார்? அப்போலோவுக்கு ஆன செலவு சுமார் 2,540 கோடி டாலர்; அத்தனையும் அமெரிக்க ஜனங்களின் வரிப்பணம். ஒரு கட்டத்தில் 4 லட்சம் பேர் அதற்காக உழைத்தார்கள்.

பஞ்சாலைத் தோழர்கள் இதைக் கேளுங்கள். அப்போலோவுக்கு வழிகாட்டிய கம்ப்யூட்டரின் ஞாபகசக்தி கையால் நெய்யப்பட்டது. மஸாசூஸெட்ஸ் மாகாணத்து வால்தம் நகரத் தொழிற்சாலையில் பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து, சிறு காந்த வளையங்களுக்கு ஊடே கம்பியைக் கோத்தார்கள். வளையத்துக்குள் கம்பி போனால் ஒன்று. வெளியே போனால் சைபர். ஓர் இழை தவறினால் கணக்கே தவறும். அவர்களில் ஜவுளி ஆலையில் கை பழகியவர்களும் இருந்தார்கள். சந்திரனில் நடந்தவர்களின் உடையைத் தைத்தவர்களோ டெலவேர் மாகாணத்து டோவர் நகரத் தையல் பெண்கள். ஒரு தையல் விட்டால் ஓர் உயிர் போகும். நமது சந்திரயான் இறங்கிப் பழகியது எந்த மண்ணில்? நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையைப் பொடி செய்து உண்டாக்கிய மண்ணில். சந்திரனுக்கு வழி போட்டவை இந்தக் கைகள். வழி திறந்ததும், "சுங்கச்சாவடி என்னுடையது" என்கிறான் கம்பெனிக்காரன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அவர்கள் சொல்லும் சமாதானம்

"கடல் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் பிடித்த மீன் பிடித்தவனுக்குச் சொந்தம் அல்லவா?" என்று கேட்கிறார்கள். சாமர்த்தியமான பேச்சு. மீன் மறுபடி குஞ்சு பொரிக்கும். கோடானுகோடி வருஷம் படிந்தது மறுபடி படியுமா? மீனவன் கடலில் வேலி போடமாட்டான். இவர்களோ, வேலை செய்யும் இடத்தைச் சுற்றிப் "பாதுகாப்பு வட்டாரம்" என்று கோடு கிழிக்க 2020-ன் ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். மண் எடுப்பதாலேயே அது நிலத்தைப் பிடித்ததாகாது என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. கடலைப் பற்றியே பேசுவோமே! 1982-ன் கடற்சட்ட ஒப்பந்தம், ஆழ்கடல் தரையில் கிடக்கும் கனிமங்கள் மனித குலத்தின் பொதுச்சொத்து என்று சொல்லி, அதற்கென்று ஜமைக்காவில் ஒரு சர்வதேச சபையையும் வைத்தது. கடலடியில் செய்ய முடிந்த ஏற்பாட்டைச் சந்திரனில் ஏன் செய்யக்கூடாது? அமெரிக்கா அந்தக் கடற்சட்டத்திலும் சேரவில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

"பணம் போடுகிறவனுக்கு லாபம் வேண்டாமா?" என்பார்கள். சந்திரனுக்குப் போகவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போகட்டும். ஹீலியம்-3 நாளைக்கு உதவுமென்றால் உதவட்டும். உழைத்தவனுக்குக் கூலியும், போட்ட முதலுக்குக் கணக்கும் உண்டு. ஆனால் மலை முழுவதும் சொந்தம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

நாம் கேட்பது என்ன?

இந்தியா 2023 ஜூனில் வாஷிங்டனில் ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. பொதுச்சொத்து என்று சொல்லும் 1979 ஒப்பந்தத்திலும் நம் கையெழுத்து இருக்கிறது. ஒரு கையால் பொது என்றும், மறு கையால் எடுத்தவனுக்கே என்றும் எழுதியிருக்கிறோம். எந்தக் கை இந்தியாவின் கை? இதைப் பார்லிமெண்டில் பேச வேண்டும். 1982-ல் போட்ட கையெழுத்தை ஊர்ஜிதம் செய்ய வேண்டும். சிறு நாடுகளைக் கூட்டி, தோண்டுவதற்கு முன்னால் பொது விதியும் பொதுச் சபையும் வேண்டும் என்று இந்தியா உரத்துச் சொல்ல வேண்டும். தோண்டிய பிறகு கேட்டால், பத்திரம் காட்டுவார்கள்.

மில் வாசலில் கேட்ட தோழருக்கு நமது பதில் இதுதான்: சந்திரனின் மறுபக்கத்தில் திருடன் இல்லை. மறுபக்கத்தைப் பார்த்துக் கழுத்து வலித்தது போதும். இந்தப் பக்கம், மேஜைமேல் விரித்து வைத்திருக்கிற காகிதத்தைப் படியுங்கள். படித்ததை ஷிப்டு மாறும்போது பத்துப் பேருக்குச் சொல்லுங்கள், வரப்பிலும் சொல்லுங்கள். நாமெல்லாம் பார்த்து வளர்ந்த சந்திரன் அது. ஒரு டாலருக்கு விற்க அது யாருடைய அப்பன் வீட்டுச் சொத்தும் அல்ல!