அன்பைச் சொல்லும் சொல்



ரோமர் 16-ஆம் அதிகாரத்தை வெறும் பெயர்ப் பட்டியல் என்று எண்ணி விரைந்து வாசித்துவிடுகிறோம். அங்கே 25-க்கும் மேற்பட்டோரை வாழ்த்துகிற பவுல், அவர்களை 'நல்லவர்கள்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடவில்லை. பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தமக்காக உயிரையே பணயம் வைத்ததை நினைவுகூருகிறார். பெர்சியாளின் உழைப்பைக் குறிப்பிடுகிறார். ரூபின் தாயைத் தமக்கும் தாய் என்கிறார். மனிதரை உற்றுக் கவனித்தவருக்கே இத்தகைய சொற்கள் வாய்க்கும்.

பிழைப்புக்காக நகரம் வந்த நம் வீடுகளிலோ, பேச்சு வாடகை, பள்ளிக் கட்டணம், ரயில் நேரம் என்பதோடு முடிந்துவிடுகிறது. பாராட்டுச் சொற்கள் பலருக்கு அடக்க ஆராதனையில்தான் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்க வேண்டியவர் அப்போது கேட்பதில்லை.

இன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்ததும், ஒருவர் மற்றவருக்குச் செய்த ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "நீ நல்லவள்" என்பதைவிட, "எனக்கு வேலையில்லாத மூன்று மாதமும் நீ என்னை ஒரு சொல்லும் குத்திப் பேசவில்லை" என்பதே மனைவியின் உள்ளத்தில் தங்கும். ஊரிலிருக்கும் தாயாருக்கும் தொலைபேசியில் அப்படியொரு வார்த்தை சொல்லுங்கள். மாதந்தோறும் பணம் அனுப்புவதாலேயே அது சொல்லப்பட்டுவிட்டதாக எண்ண வேண்டாம்.