இளம் ராணிக்கு ஏன் பாட்டி குரல்? - ஓர் ஆடியோ புக் ரசிகையின் கறார் தீர்ப்புகள்!

காலை 8.10. குரோம்பேட்டை ஸ்டேஷன். பீச் செல்லும் மின்சார ரயிலின் மகளிர் பெட்டி. ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, தோளில் லஞ்ச் பேக், காதில் இயர்போனுடன் நிற்கிறார் அந்தப் பெண். பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்தால், ஏதோ பாட்டு கேட்கிறார் என்றுதான் நினைப்பார்கள். ஆனால், அந்த நேரத்தில் அவர் இருப்பது 1743-ம் வருட ஸ்காட்லாந்தில்!

வயது 31. பாரிமுனையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. ``பேர் மட்டும் வேண்டாம். ஜி.எஸ்.டி ஃபைல் பண்ற பொண்ணு டிராகன் காதல் கதை கேட்குதுன்னு ஆபீஸ்ல தெரிஞ்சா, வருஷம் பூரா ஓட்டுவாங்க’’ என்று சிரிக்கிறார்.

போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். ஆறு வருடங்களாக இந்தப் பயணத்தில் அவருக்குத் துணை, காதல் கதைகளும் மாயாஜாலக் கதைகளும்தான். இரண்டும் கலந்த கதைகளுக்கு ஆங்கிலப் பதிப்புலகம் `ரொமான்டசி’ என்று தனிப் பெயரே வைத்துவிட்டது. கேட்டுக் கேட்டு, கதைகளைவிட அவற்றை வாசிக்கும் குரல்களைப் பற்றித்தான் இவருக்கு அதிகக் கருத்துகள் உருவாகியிருக்கின்றன.

``புத்தகத்தோட பேரை ரெண்டாவதாத்தான் பார்ப்பேன். யார் வாசிச்சிருக்காங்கங்கிறதுதான் முதல் கேள்வி’’ என்கிறார்.

ஒரே குரலில் ஒரு கிராமம்

அவரை இந்தப் பக்கம் இழுத்துவந்தது டயானா கபால்டன் எழுதிய `அவுட்லாண்டர்’. 1991-ல் வெளியான நாவல். இரண்டாம் உலகப் போரில் நர்ஸாக இருந்த கிளேர், 1945-லிருந்து இருநூறு வருடங்கள் பின்னோக்கிப் போய், ஜேமி என்ற மலைநாட்டு வீரனைச் சந்திக்கும் கதை. டேவினா போர்ட்டர் வாசித்த முழு ஆடியோ புக் 32 மணி நேரத்துக்கும் மேல் ஓடும்.

``32 மணி நேரமான்னு முதல்ல மலைச்சுப்போயிட்டேன். ஒருத்தங்கதான் வாசிக்கிறாங்க. கிளேர் பேசினா இங்கிலாந்துப் பொண்ணு. ஜேமி பேசினா ஸ்காட்லாந்து இளைஞன். குரலைக் கட்டையாக்கி ஆம்பளை மாதிரி நடிக்கவே மாட்டாங்க. பேச்சோட தாளத்தை மட்டும்தான் மாத்துவாங்க. ரெண்டாவது நாளே, பேசறது ஒரு பெண்ங்கிறது மறந்துபோச்சு.’’

இதிலிருந்து பிறந்தது அவரது முதல் தீர்ப்பு. எதிர்பாலினக் குரலை மிமிக்ரி செய்தால் கதை செத்துவிடும். நாயகன் காதலைச் சொல்லும் இடத்தில், வாசிக்கும் பெண் தொண்டையை அழுத்திக் கரகரவென்று பேசினால் கேட்பவருக்குச் சிரிப்புதான் வரும். அதேபோல, ஆண் வாசிப்பாளர் நாயகிக்காகக் கீச்சுக்குரல் எடுத்தால், அடுத்த ஸ்டேஷனுக்குள் அந்தப் புத்தகத்தை நிறுத்திவிடுவார்.

மாயாஜாலக் கதைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெயர்கள்! சாரா ஜே.மாஸ் எழுதிய தொடரின் நாயகியை இவர் காதால் மட்டுமே அறிந்தவர். அதனால் `ஃபேரா’ என்றுதான் தெரியும். பெங்களூரில் இருக்கும் சித்தி மகள் அதே கதையைப் புத்தகமாகப் படித்துவிட்டு, எழுத்தைப் பார்த்து `ஃபெயர்’ என்று சொல்லியிருக்கிறார். ``பத்து நிமிஷம் ரெண்டு பேரும் வேற வேற ஆளைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்னு நினைச்சுட்டோம்!’’

பாதியில் குரல் மாறினால்...

அவரது பெரிய மனக்குறைக்கும் அதே தொடர்தான் காரணம். 2015-ல் தொடங்கிய அந்தத் தொடரின் முதல் இரண்டு பாகங்களை ஜெனிஃபர் இகேடா வாசித்தார். மூன்றாம் பாகத்தில் அமாண்டா லீ காப் வந்தார். 2021-ல் வெளியான ஐந்தாம் பாகத்துக்கு ஸ்டீனா நீல்சன்.

``புதுசா வந்தவங்க மோசமா வாசிச்சாங்கன்னு சொல்லவே மாட்டேன். ஆனா, சீரியல்ல `இனி இவருக்குப் பதில் இவர்’னு போடுவாங்களே, அப்படி இருந்துச்சு. சீரியல்லயாவது மத்தவங்க எல்லாம் பழைய ஆளுங்களாவே இருப்பாங்க. இங்க ஊரே மாறிடுது. ஒரே ராத்திரியில எல்லாருக்கும் வேற குரல்!’’

குரல் மாறாமலே குழப்பம் வந்த கதையும் உண்டு. ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டினின் `எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவலை வாசித்தவர், இங்கிலாந்து நடிகர் ராய் டாட்ரிஸ். அந்த ஒரு நூலில் 224 பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்ததற்காகக் கின்னஸில் இடம்பிடித்தவர். 2005-ல் நான்காம் பாகம் வந்தபோது அவருக்குப் பதில் ஜான் லீ வாசித்தார். ரசிகர்கள் ஏற்கவில்லை. பிற்பாடு டாட்ரிஸே அந்தப் பாகத்தை மறுபடி வாசித்துக் கொடுத்தார்.

2011-ல் ஐந்தாம் பாகத்துக்கு அவர் திரும்பி வந்தபோது வயது 88. இடையில் பல வருடங்கள் ஓடிவிட்டதால், சில பாத்திரங்களுக்கு முன்பு கொடுத்த குரல் மாறிப்போனது. டிராகன்களை வளர்க்கும் இளம் ராணி டெனேரிஸ், திடீரென்று வயதான மூதாட்டி போலப் பேச ஆரம்பித்தார். உலகம் முழுக்க ரசிகர்கள் இன்றுவரை முணுமுணுக்கும் விஷயம் இது.

``எனக்கும் கோபம் வந்துச்சு. ராணிக்கு எதுக்குப் பாட்டி குரல்? ஆனா, அவரோட வயசைத் தெரிஞ்சதுக்கப்புறம் கோபம் போயிடுச்சு. அத்தனை பேரையும் தொண்டையில வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் எவ்வளவு தூரம்தான் நடப்பார்?’’

ஒருவரா, இருவரா?

ஆண் பாத்திரத்துக்கு ஆண், பெண் பாத்திரத்துக்குப் பெண் என்று இருவர் வாசித்தால் பிரச்னை தீர்ந்துவிடாதா?

இதில் இரண்டு முறைகள் இருக்கின்றன. அத்தியாயம் நாயகியின் பார்வையில் நகர்ந்தால் பெண், நாயகனின் பார்வையில் நகர்ந்தால் ஆண் என்று மாறி மாறி வாசிப்பது ஒரு முறை. `தி வீல் ஆஃப் டைம்’ தொடரின் 14 பாகங்களையும் மைக்கேல் கிராமர், கேட் ரீடிங் என்ற நிஜவாழ்க்கைத் தம்பதி இப்படித்தான் வாசித்தார்கள். இரண்டாவது முறையில், அத்தியாயம் யாருடையதாக இருந்தாலும், நாயகன் வாய் திறந்தால் ஆண் குரல், நாயகி பேசினால் பெண் குரல். காதல் கதைகளில் இப்போது இதற்குத் தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது.

நம் ரசிகையின் ஓட்டு முதல் முறைக்கு. ``ரெண்டாவது கேட்டா, ரேடியோ நாடகம் மாதிரி ஆயிடுது. நாடகம் கேட்கணும்னா நாடகமே கேட்பேனே?’’

அவர் உதாரணம் காட்டுவது 2023-ல் வெளியான ரெபெக்கா யாரோஸின் `ஃபோர்த் விங்’ நாவலை. டிராகன் வீரர்களுக்கான போர்க்கல்லூரியில் நடக்கும் காதல் கதை. நாயகி வயலெட்டின் பார்வையில் நகரும் கதையை ரெபெக்கா சோலர் வாசிக்கிறார். கடைசி அத்தியாயத்தில் மட்டும் கதை நாயகன் பக்கம் திரும்ப, டெடி ஹாமில்டனின் குரல் வருகிறது. ``அவ்வளவு நேரமும் அவ சொல்லித்தான் அவனைத் தெரியும். முதல்முறையா அவனே பேசறான். அன்னிக்கு பீச் ஸ்டேஷன்ல எல்லாரும் இறங்கினப்புறமும் நான் சீட்லயே உட்கார்ந்திருந்தேன்.’’

இந்த வகைக் கதைகளை ஸ்பீக்கரில் போடக்கூடாது என்ற பாடத்தையும் அவர் கஷ்டப்பட்டுத்தான் கற்றிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தபோது, கதை சட்டென்று படுக்கையறைக்குள் நுழைந்துவிட்டது. வரவேற்பறையில் விருந்துக்கு வந்த பெரியப்பா! கை முழுக்க மாவு. போனைத் தொடமுடியவில்லை. ``மூக்கால ஸ்கிரீனைத் தேய்ச்சு நிறுத்தினேன்!’’

அம்மாவும் இயந்திரக் குரலும்

அவர் வீட்டில் இன்னொரு கேட்பாளரும் இருக்கிறார். 64 வயது அம்மா. வாரப் பத்திரிகை வந்த நாளே தொடர்கதையைப் படித்து முடித்துவிடுகிறவர். பிடித்த தொடர்களைக் கிழித்து, பைண்ட் செய்து, பீரோவில் அடுக்கிவைத்தவர். சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதித்ததால், இரண்டு வருடங்களாக அவரால் எதையும் படிக்க முடியவில்லை.

முதலில் மகள் போட்டுக் கொடுத்தது, பாம்பே கண்ணன் பல குரல் கலைஞர்களை வைத்து உருவாக்கிய `பொன்னியின் செல்வன்’. அம்மாவுக்கு அது ரொம்பவே பிடித்துப்போனது. அடுத்து பாக்கெட் எஃப்.எம்., குக்கூ எஃப்.எம் ஆகியவற்றில் வரும் தமிழ்க் காதல் தொடர்கள். சிலதை ரசித்தார். சிலதை `இழுக்கறான்’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கினார்.

பிறகு ஒருநாள், எழுத்தைத் தானாகவே படித்துக்காட்டும் ஒரு செயலியில், அம்மாவுக்குப் பிடித்த குடும்பக் கதை ஒன்றைப் போட்டுக் கொடுத்தார் மகள். கால் மணி நேரத்தில் அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ``அவ முகத்துல என்னடி பாவம்? அந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணினா?’’

விஷயம் இதுதான். தமிழில் `பாவம்’ என்று எழுதினால், அது புண்ணியத்துக்கு எதிர்ச்சொல்லாகவும் இருக்கலாம், முகபாவமாகவும் இருக்கலாம். எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு. வாசிப்பவருக்குக் கதை புரிந்திருந்தால்தான் சரியாகச் சொல்ல முடியும். அந்த இயந்திரக் குரலுக்கு அது புரியவில்லை. அழ வேண்டிய வரியையும், `காபி ஆறிப்போச்சு’ என்ற வரியையும் ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

ஆங்கிலத்தில் இந்த மாற்றம் வேகமாக நடக்கிறது. 2023 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஆடியோ புக்குகளுக்கு டிஜிட்டல் குரல்களை அறிமுகப்படுத்தியபோது, முதலில் அனுமதித்த பிரிவுகளில் காதல் கதைகளும் இருந்தன. `மேடிசன்’, `ஜாக்சன்’ என்று அந்தக் குரல்களுக்குப் பெயரும் வைத்தார்கள்.

நம் ரசிகைக்கு ஆதங்கமே இங்குதான். ``காதல் கதைன்னா சுலபம்னு நினைக்கிறாங்க. சொல்லப்போற ஒரு வார்த்தையைச் சொல்லாம முழுங்கற இடம்தான் காதல் கதையில முக்கியம். அதை வாசிச்சுக் காட்டறதுதான் கஷ்டம்.’’

வாசிப்பவர்களின் பிழைப்பும் இதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் முடிந்த ஒலிக்கு `மணிக்கு இவ்வளவு’ என்ற கணக்கில்தான் கூலி. ஒரு மணி நேர ஒலிக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் உழைப்பு தேவைப்படும். நூல் லட்சக்கணக்கில் விற்றாலும், பலருக்கு ராயல்டி கிடையாது. எமிலி ஹென்றியின் காதல் நாவல்களை வாசித்துப் புகழ்பெற்ற ஜூலியா வீலன், இந்த ராயல்டிக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்துவருகிறார். ஆடியோ புக் வாசிக்கும் ஒரு பெண்ணையே நாயகியாக வைத்து, 2022-ல் `தேங்க் யூ ஃபார் லிஸனிங்’ என்ற காதல் நாவலையும் எழுதியிருக்கிறார். அதை வாசித்ததும் அவரேதான்.

இயர்போன் மாட்டும் முன்...

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு இந்த ரசிகை தரும் டிப்ஸ்:

* இலவச மாதிரியை ஐந்து நிமிடமாவது கேளுங்கள். உரையாடல் வரும் இடம்வரை போங்கள். வர்ணனையை யாரும் வாசித்துவிடலாம். உரையாடலில்தான் குட்டு வெளிப்படும்.

* தொடர் என்றால், எல்லா பாகங்களையும் ஒருவரேதான் வாசித்திருக்கிறாரா என்று பாருங்கள்.

* முழு நூலா, சுருக்கமா என்பதைக் கவனியுங்கள்.

* குரல் மெதுவாகப் போனால், வேகத்தை 1.25 வரை கூட்டலாம். அதற்கு மேல் போனால், காதலர்கள் சண்டை போடுவதுபோல இருக்கும்.

* அட்டையில் டிராகன் இருக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ரொமான்டசி வாங்கித் தராதீர்கள். பெரும்பாலானவை பெரியவர்களுக்கானவை. பிள்ளைகளுக்கு ஹாரி பாட்டர் இருக்கவே இருக்கிறது. ஸ்டீபன் ஃப்ரை, ஜிம் டேல் இருவரின் வாசிப்பில் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம்.

* செலவில்லாமல் கேட்க, `லிப்ரிவாக்ஸ்’ தளத்தில் காப்புரிமை முடிந்த பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து வைத்திருக்கிறார்கள்.

வில்லன் குரலில் ஒருவர்

அம்மா கேட்க விரும்பிய பல கதைகள் எந்தச் செயலியிலும் கிடைக்கவில்லை. அவை பீரோவில் பைண்ட் செய்த காகிதங்களாக மட்டும்தான் இருந்தன. எனவே, மகளே போனில் பதிவு செய்ய ஆரம்பித்தார். இரவு ஒன்பது மணிக்கு மேல், ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். அம்மாவுக்காக மட்டும்.

``இருபது நிமிஷ அத்தியாயத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு. நாக்கு குழறுது. மூச்சு வாங்குது. மூணாவது அத்தியாயத்துல மாமியாருக்கு என்ன குரல் கொடுத்தேன்னு ஏழாவதுல மறந்துபோச்சு. அன்னிக்குத்தான் மனசுக்குள்ள ராய் டாட்ரிஸ்கிட்ட மன்னிப்பு கேட்டேன்’’ என்கிறார்.

அம்மாவும் லேசுப்பட்ட ரசிகையா என்ன? மறுநாள் மதியமே விமர்சனம் வந்துவிடும். `நாயகி ரொம்பக் கத்தறா’, `வேகமாப் போறே’, `அந்த இடத்துல நீயே அழுதுட்டா நான் எப்படி அழறது?’

அந்தக் கதையில் மிராசுதார் ஒருவர் வருகிறார். கொஞ்சம் அதிகாரம், கொஞ்சம் கோபம், பேச்சுக்கு நடுவே ஒரு செருமல். மகள் யோசிக்காமல் ஒரு குரலை எடுத்துப் பேசியிருக்கிறார். அன்று மதியம் அம்மா விமர்சனம் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் கேட்டார்.

``வில்லனுக்குப் போய் உங்கப்பா குரலைக் கொடுத்திருக்கியேடி?’’

அப்பா இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. மகள் பதறிப்போய், அந்த அத்தியாயத்தை அழித்துவிட்டு வேறு குரலில் பதிவு செய்வதாகச் சொன்னார்.

``அதெல்லாம் வேண்டாம்’’ என்று தட்டைத் தள்ளிவைத்த அம்மா, ``அந்தச் செருமற இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடு’’ என்றார்.