இரண்டு சீட்டு

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு மாதாமாதம் ஒரு கூர்க்கா வருவார், ஊருக்குப் பணம் அனுப்ப. கணக்குத் தொடங்க வந்த அன்று படிவத்தில் குடும்பப் பெயர் 'நேபாளி' என்றிருந்தது. "நாட்டக் கேக்கலண்ணே, பேரக் கேட்டேன்" என்றேன். "அதான் சாப் பேரு" என்றார். காமி, தமாய், சார்க்கி என்று சொன்னால் வாடகைக்கு வீடு கிடைக்காத நாட்டில், நாட்டின் பெயரையே போர்த்திக்கொண்டு சாதியை மறைத்த தலித்துகள் ஏராளம் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

1854இல் ஜங்பகதூர் ராணாவின் முலுக்கி ஐன், தீண்டாமையை அரசின் சட்டமாகவே எழுதி வைத்தது. 1963இல் சட்டம் மாறியது; கிணற்றடி மாறவில்லை. 1990க்குப் பிறகு பலகட்சி ஜனநாயகம் வந்தது. 1991, 1994, 1999 என மூன்று தேர்தல்கள், 205 தொகுதிகள். தலித் முகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கட்சிகள் பல, சாதி ஒன்று.

தோழர்களே, 2008 ஏப்ரல் 10 அதனால்தான் முக்கியமாகிறது. அரசியல் நிர்ணய சபைக்கு 601 இடங்கள். 240 நேரடித் தொகுதி, 335 விகிதாச்சாரப் பட்டியல், மீதி நியமனம். வாக்காளர் கையில் இரண்டு சீட்டு: ஒன்று ஆளுக்கு, ஒன்று கட்சிக்கு. (மதச்சார்பற்ற நாடு என்று 2007இலேயே அறிவித்தாயிற்று, ஓட்டுக் குத்தின முத்திரை மட்டும் ஸ்வஸ்திக்!) கட்சிப் பட்டியலில் தலித்துகளுக்கு 13 சதம் தரவேண்டும் என்பது விதி. ஏறத்தாழ ஐம்பது தலித்துகள் சபைக்குள் போனார்கள். தலித் ஜனஜாதி கட்சி என்ற சின்னக் கட்சிக்கும் ஒரு இடம் கிடைத்தது, குறைந்தபட்ச வரம்பு எதுவும் இல்லாததால்.

அந்தக் கதவைத்தான் பிறகு சாத்தினார்கள். 2015 அரசியலமைப்பின்படி கீழவை 275 ஆனது. பட்டியலுக்கு 110 மட்டும். 2017 தேர்தலில், பட்டியலில் இடம் பெற 3 சத ஓட்டு வேண்டும் என்று வரம்பு. நிலையான ஆட்சிக்காம். இந்த வார்த்தையை நாமும் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! அதற்கப்புறமும் ஆட்சி மாறிக்கொண்டேதான் இருந்தது. கதவுக்கு வெளியே நின்றது சின்னக் கட்சிதான்.

2022 தேர்தலில் 165 நேரடித் தொகுதிகளில் வென்ற தலித் ஒரே ஒருவர். மற்றவர்கள் பட்டியல் வழியே. பட்டியலில் யார் பேரு, எத்தனையாவது இடம் என்று எழுதுகிற பேனா எவர் கையில்? அங்கே பாகுன்–சேத்ரி தலைவர்கள். 1932க்குப் பிறகு இங்கே தனித்தொகுதியில் சாதி இந்து ஓட்டு. அம்பேத்கர் கேட்டது, நம்மவரை நாமே தேர்ந்தெடுக்கும் சீட்டு. எண்ணிக்கை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஐம்பது பேர் உள்ளே போனது சாதாரண விஷயமில்லை. ஆனால் உள்ளே போனவர் யாருக்குப் பதில் சொல்லணும் என்பதுதான் என் சண்டை.

அந்த அவையும் 2025 செப்டம்பரில் இளைஞர் எழுச்சிக்குப் பிறகு கலைக்கப்பட்டது.

நம்ம கூர்க்காவிடம் ஒருநாள் கேட்டேன், எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று. சிரித்தார். "போட்டதே இல்ல சாப். அதுக்கு ஊருக்குப் போவணும். போனா இங்க வேலை இருக்காது" என்று சொல்லிவிட்டு, பணம் கட்டின ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.